வகுப்பறை இல்லாத ஆசிரியர்

தமிழில் ‘ஆசிரியர்’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பள்ளியில் பாடம் சொல்லித் தருபவரும் ஆசிரியர்தான். பத்திரிகை நடத்துபவரும் ஆசிரியர்தான். இவ்விரு பொருளும் ஒருவரிடமே வந்து சேர்ந்தது என்றால் அவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. கரும்பலகை முன் நின்று பாடம் நடத்தியதற்காக அவரை யாரும் நினைவுகூர்வதில்லை. ஆனால், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறை மாணவர்கள் பள்ளி மணி அடித்த பிறகும் தமிழைத் தொடர்ந்து கற்றதற்கு அவர் காரணமாக இருந்தார்.

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். 1924இல் சிங்கப்பூர் வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார். பகலில் கணக்குப் புத்தகம், மற்ற நேரமெல்லாம் பொதுவாழ்வு என்று அவருடைய நாட்கள் கழிந்தன. 1929இன் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். சுயமரியாதைக் கருத்துகள் இங்கும் வேர்விட்டன. அவற்றால் ஈர்க்கப்பட்ட சாரங்கபாணி ‘முன்னேற்றம்’ என்ற வார இதழின் ஆசிரியரானார். பின்னர் தமிழர் சீர்திருத்தச் சங்கத்திலும் முன்னின்று உழைத்தார். அச்சங்கத்தின் முயற்சியால் 1935இல் தோன்றியதே ‘தமிழ் முரசு’. சில காலத்தில் அவ்விதழின் முழுப் பொறுப்பும் அவர் தோள்மேல் வந்தது. வார இதழ் நாளிதழாக வளர்ந்தது.

அக்காலச் சூழலைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அடுத்த படி என்ன? பலருக்கு அது பால்மரக் காடுதான். பன்னிரண்டு வயதில் வாளி தூக்கிய பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கித் தரவோ, அவன் எழுதியதைப் படித்துப் பார்க்கவோ ஆளில்லை. நகரத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பலருக்கோ தமிழ் வீட்டுப் பேச்சோடு நின்றுபோனது. படித்த தமிழ் மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழியைச் சாரங்கபாணி தம் பத்திரிகையிலேயே திறந்துவிட்டார். 1950களில் தமிழ் முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ தொடங்கியது. மாணவர்கள் கதை, கவிதை, கட்டுரை எழுதி அனுப்பினார்கள். அவை அச்சில் வந்தன. இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்று நமக்குத் தோன்றலாம். தாம் எழுதியதைத் தாமே நொடியில் உலகுக்குக் காட்டும் காலத்தில் இருக்கிறோம் நாம். அன்றோ, ஒரு தோட்டத்து மாணவனின் பெயர் நாளிதழில் வந்தால் அந்தத் தோட்டமே அதைப் படிக்கும். அடுத்த வாரமும் எழுத வேண்டும் என்ற ஆசை பிறக்கும். எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும். இவ்வாறு, யாரும் கட்டாயப்படுத்தாமலே ஒரு பள்ளி நடந்தது. அப்பள்ளிக்குச் சுவரும் இல்லை, கட்டணமும் இல்லை.

மணிமன்றத்தில் எழுதிப் பழகியவர்களிலிருந்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் செய்தியாளர்களும் உருவானார்கள். தாளில் சந்தித்துக்கொண்ட மாணவர்கள் நேரிலும் கூடினார்கள். ஊர்தோறும் மன்றங்கள் அமைத்தார்கள். நாம் நன்கறிந்த தமிழ் இளைஞர் மணிமன்றத்தின் வேரும் அங்குதான் இருக்கிறது. 1952 முதல் சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழர் திருநாள்’ விழாவும் பொங்கலை ஒட்டிச் சமய வேறுபாடின்றித் தமிழரை ஒன்றுகூட்டியது. மாணவர்களுக்கான போட்டிகளும் அதில் இடம்பெற்றன. படித்ததை நாலு பேர் முன் சொல்லிப் பார்க்க அது ஒரு மேடையானது.

நம் பல்கலைக்கழகத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அதில் எம்மொழிக்கு முதன்மை தருவது என்ற கேள்வியும் எழுந்தது. சமஸ்கிருதத்துக்கே முதலிடம் என்ற கருத்து வலுவாக இருந்தது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராக இருக்கும்போது தமிழே அங்கு இருக்க வேண்டும் என்று சாரங்கபாணி தம் பத்திரிகை வழியே போராடினார். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியது. நிதியைக் கொண்டு தமிழ் நூல்கள் வாங்கப்பட்டன. துறை 1959இல் கோலாலம்பூருக்கு வந்தபோது அந்நூல்களும் வந்தன.

சாரங்கபாணியின் வாழ்வு வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. 1963இல் ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் தமிழ் முரசு சில காலம் வெளிவராமல் நின்றது. தொழிலாளர் பக்கம் பேசிய பத்திரிகைக்கே அந்நிலை ஏற்பட்டது. மீண்டும் இதழ் வந்தது. 1974இல் அவர் மறையும்போது, அவர் வளர்த்த மாணவர்கள் பலர் தாங்களே ஆசிரியர்களாக ஆகியிருந்தார்கள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். அங்கே தமிழ் வகுப்பு மற்றப் பாடங்களெல்லாம் முடிந்து பிற்பகலில்தான் நடக்கும். முதல் படிவத்தில் முப்பது பேர் இருந்தோம். ஐந்தாம் படிவத்தில் எட்டுப் பேர். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் அந்த எட்டுப் பேருக்கும் தமிழ் வகுப்பு என்று ஒன்று இல்லை. இந்நூலைப் படிக்கும் பலருக்கும் இதே கதை இருக்கும். வகுப்பு முடிந்த இடத்தில் மொழியும் முடிந்துவிட வேண்டுமா? இந்தக் கேள்விக்குச் சாரங்கபாணி ஐம்பதாண்டுகளுக்கும் முன்பே செயலால் விடை சொல்லிவிட்டார். கற்கும் ஆசை பல பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்கள் எழுதுவதை வாங்கிப் படிக்க ஒருவரும், அதை வெளியிட ஓரிடமும் இருந்தால் அந்த ஆசை வாடாது.

தோழர்களே, நம் நூலகத்தின் தமிழ் அடுக்குகளுக்கு அடித்தளம் இட்டது யாருடைய வெள்ளி என்பதை எண்ணிப் பார்ப்போம். தங்களால் படிக்க முடியாத நூல்களை நமக்காக வாங்கி வைத்தவர்கள் அவர்கள். அங்கே ஒரு நூலை எடுத்து முழுதும் படிப்பது முதல் கடன். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுத் தம்பியோ தங்கையோ தமிழில் எழுதிய ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்ப்பது அடுத்த கடன். அந்தப் பிள்ளைக்கு அன்று நாம்தான் ஆசிரியர்.