உதவி தீர்ந்த பின்னும் தீராத வேலையின்மை

வேலையின்மையைத் தொழிலாளியின் குணக்கேடாகக் கருதிய காலம் ஒன்று இருந்தது. அது தொழில் அமைப்பின் கோளாறு என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் வில்லியம் பெவரிட்ஜ். 1879இல் அன்றைய வங்காளத்தின் ரங்கப்பூரில், ஆங்கிலேய நீதிபதி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றபின் கிழக்கு லண்டனில் தொண்டாற்றியபோது, துறைமுகக் கூலிகளின் நிலையற்ற பிழைப்பை நேரில் கண்டார். வேலையின்மை குறித்த அவரது நூல் 1909இல் வெளிவந்தது.

சர்ச்சில் தலைமை வகித்த வணிகத் துறையில் பணியாற்றி, வேலைவாய்ப்பு அலுவலகங்களையும் 1911ஆம் ஆண்டின் வேலையின்மைக் காப்பீட்டையும் உருவாக்க உதவினார். வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரங்கள் என்பதே அன்றைய உதவி. 1920களில் நெசவு, நிலக்கரி, கப்பல் கட்டும் தொழில்கள் சரிந்தபோது உதவிக்காலம் முடிந்தது, வேலை திரும்பவில்லை. அரசு மீண்டும் மீண்டும் காலத்தை நீட்டித்தது. இது காப்பீட்டின் அடிப்படையையே குலைப்பதாக அப்போது பெவரிட்ஜ் கண்டித்தார்.

ஆனால், 1942இல் அளித்த புகழ்பெற்ற அறிக்கையில் அவர் வேறொரு முடிவுக்கு வந்தார். வேலையின்மை நீடிக்கும்வரை உதவியும் குறையாமல் தொடர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பயனாளி பயிற்சி மையத்துக்குச் செல்ல வேண்டும் என்றார். 1946ஆம் ஆண்டுச் சட்டம் காலவரம்பைக் கைவிடவில்லை. 1963இல் அவர் மறைந்தார்.

அந்த முடிவைத் திருப்பூரின் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கிறேன். 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 விழுக்காடானதும் ஏற்றுமதி ஆர்டர்கள் தடுமாறின. இரண்டிலும் தொழிலாளியின் தவறு ஏதுமில்லை. இ.எஸ்.ஐ. வழியே 2018இல் தொடங்கிய அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் தருவதோ அதிகபட்சம் 90 நாள் உதவி. அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. கொரோனா காலத்தில் உதவித்தொகை சராசரி ஊதியத்தின் 25 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்தது. நாள் கணக்கு உயரவில்லை. இ.எஸ்.ஐ. பதிவே இல்லாத ஜாப் ஒர்க் தொழிலாளர்க்கு அந்த 90 நாளும் இல்லை.

கால நீட்டிப்பு சோம்பலை வளர்க்கும் என்பர். பாதி ஊதியத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் செலுத்துபவர் சோம்பியிருக்க இயலாது. ஒரு தொழில் முழுவதும் முடங்கும்போது வாழ்நாள் வரம்பைத் தளர்த்தி, பயிற்சியுடன் இணைத்து உதவியை நீட்டிப்பதே முறை. பெவரிட்ஜுக்கு முப்பது ஆண்டுகளில் விளங்கியதை உணர, நாமும் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை.