கூடைப்பந்தின் தாய் செண்டா பெரன்சன்

கூடைப்பந்து என்றதும் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் பெயரை உடனே சொல்லிவிடுகிறோம். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அவர் அவ்வாட்டத்தைக் கண்டார் என்பது பொது அறிவு நூல்களில் எல்லாம் உண்டு. ஓராண்டு கடந்து சில திங்களுக்குள் அதே ஆட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்கு முதற் போட்டியை நடத்திக் காட்டிய மங்கையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

செண்டா பெரன்சன் 1868 மார்ச் 19-இல், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த லித்துவேனியாவில், புட்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிழைப்புத் தேடி அக்குடும்பம் 1875-இல் பாஸ்டன் நகருக்குக் குடியேறியது. தந்தை தெருத் தெருவாய்ப் பாத்திர பண்டங்கள் விற்றார். கலை விமரிசகராய்ப் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பெர்னார்ட் பெரன்சன் இவருக்குத் தமையன்.

செண்டாவோ நோஞ்சான். பியானோ கற்கப் போனார். முதுகு வலி தாளாமல் விட்டுவிட்டார். உடல் தேறட்டும் என்று 1890-இல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியப் பள்ளியில் சேர்த்தார்கள். வேண்டாவெறுப்பாய்த்தான் சேர்ந்தார். ஆயினும் சுவீடன் நாட்டுப் பயிற்சி முறை மெல்ல மெல்ல அவர் உடலைத் தேற்றியது. இரண்டே ஆண்டில், 1892 ஜனவரியில், நார்தாம்ப்டன் ஊரிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் அவரே உடற்பயிற்சி ஆசிரியை!

நெய்ஸ்மித்தின் புதிய ஆட்டத்தைப் படித்தறிந்து அதைத் தம் மாணவியருக்குச் சொல்லிக் கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவியருக்கும் இரண்டாமாண்டு மாணவியருக்கும் போட்டி நடந்தது. ஆடவர் எவருக்கும் அனுமதி இல்லை. செண்டா பந்தை மேலே எறிந்தார். முதலாண்டு அணியின் நடு ஆட்டக்காரியின் கையில் அடிபட்டுத் தோள் மூட்டு விலகிவிட்டது! வேறொருவர் சேர்ந்திருந்தால் ஆட்டத்தையே மூட்டை கட்டியிருப்பார். இவர்களோ மூட்டைச் சரிசெய்து, வேறொருத்தியைக் களத்தில் இறக்கித் தொடர்ந்தார்கள். இரண்டாமாண்டு அணி 5–4 என்று வென்றது. (நானும் இரண்டாமாண்டு என்பதால் இதைச் சற்றே அழுத்திச் சொல்கிறேன்!)

ஆட்டத்தில் முரட்டுத்தனம் கூடாதென்று செண்டா விதிகளை மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியைத் தாண்டி ஒருத்தியும் ஓடலாகாது. பிறர் கைப்பந்தைப் பறிக்கலாகாது. 3 நொடிக்கு மேல் வைத்திருக்கலாகாது, 3 முறைக்கு மேல் தட்டலாகாது. 1901-இல் ஸ்பால்டிங் நிறுவனம் வெளியிட்ட மகளிர் கூடைப்பந்து நூலுக்கு அவரே பதிப்பாசிரியர்.

இங்கேதான் எனக்கு அவரோடு பிணக்கு. ஒருத்தியே ஓடி, ஒருத்தியே புகழ் பெறுவதை அவர் விரும்பவில்லை. கல்லூரிகளுக்கிடையே போட்டி என்பதையும் எதிர்த்தார். எல்லோரும் ஆட வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் திறமையுள்ள ஒருத்தி முழுக்களமும் ஓடினால் யாருக்கு என்ன நட்டம்? இறுக்கிக் கட்டிய உடையில் பெண்கள் மூச்சுத் திணறிய காலம் அது. ஓடினால் உடல் கெடும் என்று கற்றோரே நம்பிய காலம். அந்தக் கோடுகள் இல்லாவிடில் ஆட்டத்தையே தடை செய்திருக்கக் கூடும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

ஆயினும் அந்த நம்பிக்கை சாகவில்லை. மிசிசிப்பி மாநிலத்து டெல்டா ஸ்டேட் கல்லூரியில் மார்கரெட் வேட் என்ற மாணவி மூன்றாண்டுகள் சிறப்பாக ஆடினார். 1930-களின் தொடக்கத்தில், பெண்களுக்கு இது கடுமையான ஆட்டம் என்று கூறிக் கல்லூரி அணியையே கலைத்துவிட்டது. மனம் நொந்த மாணவியர் சீருடைகளைத் தீயிட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல் அதே கல்லூரி மீண்டும் அணி தொடங்கி, அதே மார்கரெட்டைப் பயிற்சியாளராக்கியது. 1975, 1976, 1977 ஆகிய மூன்றாண்டும் அவ்வணியே தேசியக் கல்லூரி வாகையர்! அப்போது பெண்கள் முழுக்களமும் ஓடத் தொடங்கியிருந்தனர்.

செண்டா 1911-இல் ஸ்மித் கல்லூரி ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் அபட்டை மணந்து அப்பணியை விட்டார். 1917 வரை விதிக்குழுவின் தலைவராய் இருந்தார். 1954 பிப்ரவரி 16-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் காலமானார். நெய்ஸ்மித் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 1985-இல்தான் முதன்முதலாகப் பெண்களுக்கு இடம் கிடைத்தது. அவ்வாண்டு சேர்க்கப்பட்ட மூன்று பெண்மணிகளில் களத்திற்குக் கோடு கிழித்த செண்டாவும் உண்டு. சீருடையைத் தீயிலிட்ட மார்கரெட்டும் உண்டு.