ஆட்டு மந்தையும் நம் வீடும்: விஞ்ஞானி ஹால்டேன் வாழ்க்கை சொல்லும் மரபுப் பாடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலைகள் பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. பத்து ஆடு வைத்திருப்பவர்கள் ஒரே கிடாவை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்கிறீர்கள். அதற்குப் பிறந்த பெட்டைகளே மறுபடி அதனிடம் சினையாகின்றன. சில ஈற்றுகளில் குட்டிகள் எடை குறைந்து பிறக்கும். சில குட்டிகள் தேறாமல் போகும். தீவனமும் குடற்புழுவும் காரணமாகலாம். ரத்த உறவும் காரணமாகலாம். இந்தக் கணக்கை மனிதர்களிடமும் ஆராய்ந்து, வாழ்வின் கடைசி ஏழு ஆண்டுகளை நம் நாட்டில் கழித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

வீட்டில் தொடங்கிய ஆராய்ச்சி

ஹால்டேன் 1892 நவம்பர் 5 அன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் குடிக்கும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர். மகனையும் துணைக்கு அழைத்துச் செல்வார். சிறுவன் தன் தங்கை நவோமியுடன் வீட்டில் கினிப் பன்றிகளையும், பிறகு எலிகளையும் வளர்த்தான். எந்த ஜோடிக்கு எந்த நிறக் குட்டி பிறக்கிறது என்று இருவரும் குறித்து வைத்தார்கள். 1915இல், முதல் உலகப் போரில் அவர் படையில் இருந்தபோது, எலிகளில் இரண்டு குணங்கள் சேர்ந்தே இறங்குவதைக் காட்டும் கட்டுரை வெளிவந்தது.

மறைந்திருக்கும் குணம்

அதற்கு அடிப்படை, மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடியில் கண்டு 1866இல் வெளியிட்ட உண்மை. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுக்கள் வருகின்றன. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் ஒட்டுச் சேர்த்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டையாகவே வரும். அதன் விதையை மறுபடி விதைத்தால் நாலில் ஒரு பங்கு குட்டையாக வரும். வீரிய ஒட்டு ரக விதையை எடுத்து வைத்து மறு ஆண்டு விதைத்தால் பயிர் ஒரே சீராக வராததும் இதனால்தான்.

சில நோய்களும் இப்படியே இறங்குகின்றன. பழுதான மரபணு ஒன்று மட்டும் இருந்தால் அவர் நோயாளி அல்ல, நோயைச் சுமப்பவர். வெளியே தெரியாது. கணவன், மனைவி இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பிக்கும் என்று பொருளல்ல. பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வந்தது. மருமகளை மட்டும் குறை சொல்வது அறிவியலுக்கும் ஒவ்வாது, நியாயத்துக்கும் ஒவ்வாது.

மலேரியாவும் ரத்தச் சோகையும்

தலசீமியா என்பது பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை நோய். அது சில நாடுகளில் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்று ஹால்டேன் யோசித்தார். ஒரு பழுதை மட்டும் சுமப்பவர்கள் மலேரியாவைத் தாங்கிப் பிழைத்திருக்கலாம் என்று 1949இல் எழுதினார். இதேபோன்ற அரிவாள் அணு ரத்தச் சோகையில் அந்தக் கருத்து பிறகு உறுதியானது. அந்த ரத்தக் கூறு நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பது 1952இல் வெளியானது.

இந்தியாவில் ஹால்டேன்

1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். இந்திய உடை உடுத்தினார், சைவ உணவுக்கு மாறினார், 1961இல் இந்தியக் குடிமகன் ஆனார். விலையுயர்ந்த கருவி இல்லாமலே, கண்ணால் பார்த்து எண்ணிக் குறித்து நல்ல ஆராய்ச்சி செய்யலாம் என்று மாணவர்களைப் பழக்கினார். அவர்களில் ஒருவரான கிருஷ்ணா துரோணம்ராஜு, ஆந்திராவில் மாமன் மகள், அக்கா மகள் திருமணங்களைக் கணக்கெடுத்து ஆராய்ந்தார். அது நம் ஊர் வழக்கமும்தான்.

மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அக்கா மகளுக்கும் தாய்மாமனுக்கும் அது நாலில் ஒரு பங்கு. அதனால் தாத்தா, பாட்டியின் ஒரே பழுது இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன், அத்தை பிள்ளைகள் மணந்தால் இது ஏறத்தாழ இரட்டிப்பாகும். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கும். ஆனாலும் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

* பொலிகிடாவை 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வேறு ஊர் மந்தையிலிருந்து வாங்குங்கள்.
* கிடாக்குட்டிகளை 3 மாதத்தில் பிரித்துவிடுங்கள்.
* மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது காளை எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். அதே காளையின் ஊசியை அதன் மகளுக்குப் போடாதீர்கள்.
* சொந்தத்தில் திருமணம் பேசும்போதோ, குடும்பத்தில் ரத்த நோய் இருந்தாலோ, இருவருக்கும் எச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஆலையில் வேலைக்குச் சேரும்போது பார்க்கும் சாதாரண ஹீமோகுளோபின் அளவு இதைக் காட்டாது.
* இருவருமே சுமப்பவர்கள் என்றால் மருத்துவரிடம் மரபணு ஆலோசனை பெறுங்கள். கருவுற்ற 11 வாரம் முதல் கருவையே பரிசோதிக்க வழி உண்டு. ஆகவே கர்ப்பம் தெரிந்த உடனே செல்லுங்கள்.

ஹால்டேன் பிறகு ஒடிசாவின் புவனேஸ்வருக்குச் சென்று ஆய்வுக்கூடம் அமைத்தார். புற்றுநோயால் 1964 டிசம்பர் 1 அன்று அங்கேயே காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. சிறுவயதில் அவர் செய்ததுபோல் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். எந்த ஆடு, எந்தக் கிடா, எத்தனை குட்டி என்று இன்றே எழுதத் தொடங்குங்கள்.