கொழும்பு தெரிவு செய்த முதல் மேயர்

கொழும்பு மாநகர சபை 1865 இல் உருவாக்கப்பட்ட போதிலும் அதன் தலைமை நெடுங்காலம் அரச அதிகாரிகளிடமே இருந்தது. 1937 இல் தெரிவு செய்யப்பட்ட முதல் மேயர் என்ற பெருமை வைத்தியரான இரத்தினசோதி சரவணமுத்துவையே சாரும்.

இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டு, சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931 இல் நடைபெற்ற முதலாவது தேர்தலை வடக்கின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. அவ்வேளையில் கொழும்பு வடக்கு வாக்காளர் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். அது தமிழருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனமன்று. பல்லின மக்கள் கலந்து வாழ்ந்த தொகுதி என்பதே இங்கு கவனத்திற்குரியது. தேர்தல் மனுவினால் அவ்வாசனம் பறிபோக, 1932 இடைத்தேர்தலில் அவரது துணைவியார் நேசம் அம்மையார் அங்கேயே வெற்றியீட்டி, அச்சபையின் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினரானார். 1936 இலும் அம்மக்கள் அம்மையாரையே தெரிவு செய்தனர்.

சரவணமுத்து என்றதும் இன்று பலருக்கும் நினைவில் வருவது சகோதரர் பாக்கியசோதியின் பெயர் தாங்கிய கிரிக்கெட் மைதானமே.