தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஏன் சூடாகுது? அன்றே கணக்குப் போட்ட ஸ்டெய்ன்மெட்ஸ் யார்?

யாருமே ஒரு பல்புகூட போடாத நேரத்திலும் தெருமுனை டிரான்ஸ்பார்மரின் உள்ளே இருக்கும் இரும்பு சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அந்தச் சூட்டை முன்கூட்டியே கணக்குப் போட வழிகாட்டியவர் சார்லஸ் ஸ்டெய்ன்மெட்ஸ்.

1865-ல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். இன்று அது போலந்தில் இருக்கிறது. பிறவியிலேயே கூன் முதுகு, உயரம் நாலு அடி அளவுதான். ஆனா கணக்கில் புலி! கல்லூரி நாட்களில் சோஷலிசப் பத்திரிகை வேலையில் இறங்க, போலீஸ் பார்வை விழுந்தது. 1888-ல் டாக்டர் பட்டம் கைக்கு வரும் நேரத்தில் ஊரைவிட்டே தப்பினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் இறங்கியதும் அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் பரிந்து பேசியதால்தான் உள்ளே விட்டார்கள்.

யாங்கர்ஸ் நகரில் ஐக்மேயர் என்பவரின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது.

அப்போது பெரிய தலைவலி என்ன தெரியுமா? ஏசி கரண்ட் திசை மாறும்போதெல்லாம் இரும்பின் காந்தமும் மாறணும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகும். பாடப்புத்தகத்தில் இதற்குக் காந்தத் தயக்கம் என்று பெயர். காந்தத்தை இரட்டிப்பாக்கினால் இழப்பும் இரட்டிப்பா? இல்லை, இது நேர்கோட்டில் போகாத விவகாரம். அளந்த சில புள்ளிகள்தான் கையில் இருக்கும், நடுவில் என்ன என்பது தெரியாது. செய்து பார்க்கணும், சூடானால் மாத்தணும். அவ்வளவுதான் வழி.

ஈவிங் என்ற விஞ்ஞானி அளந்து வெளியிட்டிருந்த எண்களை ஸ்டெய்ன்மெட்ஸ் எடுத்தார். தானும் பல வகை இரும்பை அளந்தார். புள்ளிகள் ஒரே மாதிரி வளைகோட்டில் உட்கார்ந்தன. காந்தப் பாய அடர்த்தியின் அடுக்கு 1.6. அதாவது காந்தம் 2 மடங்கானால் இழப்பு சுமார் 3 மடங்கு. இரும்புக்கு இரும்பு ஒரு கெழு மட்டும் மாறும். 1892 ஜனவரியில் அமெரிக்க மின் பொறியாளர் சங்கத்தில் இதை வாசித்தபோது அவருக்கு வயது 26.

அந்த 1.6 எந்த இயற்பியல் தத்துவத்திலிருந்தும் வரவில்லை. புள்ளிகளுக்குப் பொருந்தியது, அவ்வளவே. அளந்த எல்லைக்குள் நம்பலாம், தாண்டினால் காலை வாரிவிடும். இன்றைய மென்பொருளுக்கும் இதே சிக்கல்தான். கம்பெனி தரும் அட்டவணையில் சில புள்ளிகளே இருக்கும். அவற்றை வெறும் நேர்கோடுகளால் இணைத்தால் ஒவ்வொரு மூட்டிலும் சாய்வு சட்டென்று மாறும், கணக்கு விடைக்கு வராமல் அலைபாயக்கூடும். அதனால்தான் வழவழப்பான வளைகோடு போடுகிறார்கள். சூத்திரத்துக்கு இன்றும் அவர் பெயர்தான், அடுக்கு மட்டும் பொருளுக்குப் பொருள் மாறும்.

ஐக்மேயர் கம்பெனியை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கியபின் ஸ்கெனெக்டடி நகரில் குடியேறினார். கூன் பரம்பரையாக வந்தது, பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று கல்யாணமே செய்துகொள்ளவில்லை. உதவியாளர் ஹேடனை மகனாகத் தத்தெடுத்து, அவர் பிள்ளைகளுக்குத் தாத்தாவாக அதே வீட்டில் வாழ்ந்தார். 1923 அக்டோபர் 26-ல் 58 வயதில் காலமானார்.