கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய்!

ஆறு இளைஞர்கள். அவர்களிடம் இருந்த பணம் ஒரு ரூபாய் 12 அணா. அதாவது, ஒன்றே முக்கால் ரூபாய். அதுவும் கடன் வாங்கிய பணம்!

அந்தப் பணத்தைக் கொண்டு அவர்கள் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். சென்னை தங்கசாலைத் தெருவில் இருந்த ஓர் அச்சகத்தில் 80 பிரதிகள் அச்சிட்டார்கள். ஒரு பிரதியின் விலை 4 அணா.

அன்று 1878-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம் 20-ந் தேதி. பத்திரிகையின் பெயர் 'இந்து'. அதன் ஆசிரியருக்கு வயது 23.

அவர்தான் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

பள்ளி ஆசிரியர், பத்திரிகை ஆசிரியரானார்

காவிரிக் கரையில், தஞ்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவையாறு. சுப்பிரமணிய ஐயர் 1855-ல் அங்கே பிறந்தார். தஞ்சையில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்து பள்ளி ஆசிரியரானார்.

பாடம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தவருக்குப் பத்திரிகை ஆசை வந்தது எப்படி?

அப்போது சென்னை ஐகோர்ட்டில் வெள்ளைக்காரர்கள் மட்டுமே நீதிபதிகளாக இருந்தார்கள். 1878-ல் முதல் முறையாக ஓர் இந்தியர் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அவர் முத்துசாமி ஐயர். ஏழ்மையில் வளர்ந்து, படிப்பினால் உயர்ந்தவர்.

வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. இந்தியரை நீதிபதி ஆக்கியது தவறு என்று எழுதின.

பதில் சொல்ல வேண்டும். ஆனால் எதில் எழுதுவது? சென்னையில் இந்தியர்களின் குரலை உரக்கச் சொல்ல ஒரு பத்திரிகை இல்லை.

நாமே தொடங்குவோம் என்று ஆறு பேர் முடிவு செய்தார்கள். அவர்களில் நான்கு பேர் சட்டம் படித்துக் கொண்டிருந்தவர்கள். மற்ற இருவர் ஆசிரியர்கள். ஒருவர் சுப்பிரமணிய ஐயர். இன்னொருவர் அவருடைய நண்பர் வீரராகவாச்சாரியார்.

சட்டம் படித்தவர்கள் பிறகு தங்கள் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆசிரியர்கள் இருவரும் பத்திரிகையை விடவில்லை. சுப்பிரமணிய ஐயர் எழுதினார். வீரராகவாச்சாரியார் நிர்வாகத்தைக் கவனித்தார்.

வாரம் ஒரு முறை வந்த பத்திரிகை, 1883-ல் வாரம் மூன்று முறை வரத் தொடங்கியது. அந்த ஆண்டே மவுண்ட் ரோடில் சொந்த அச்சகம் அமைந்தது. அதுதான் இன்றைய அண்ணா சாலை. 1889-ல் 'இந்து' தினசரி ஆயிற்று.

முதல் தீர்மானம்

1885-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பம்பாயில் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து 72 பேர் வந்திருந்தார்கள்.

இந்தியாவில் நடக்கும் ஆட்சியைப் பற்றி விசாரணை நடத்த வேண்டும் என்பது மாநாட்டின் முதல் தீர்மானம். அதை எழுந்து நின்று முன்மொழிந்தவர் சுப்பிரமணிய ஐயர்.

இப்படி அவர் புகழ் நாடெங்கும் பரவியது. ஆனால் அவருடைய உண்மையான சோதனை மேடையில் வரவில்லை, வீட்டுக்குள்ளே வந்தது.

மகளுக்கு மறுமணம்

அந்தக் காலத்தில் சிறுமிகளுக்குக் கலியாணம் செய்து வைப்பார்கள். கணவன் என்றால் யார் என்று தெரியாத வயதில் சிலர் விதவையும் ஆகிவிடுவார்கள். அதன் பிறகு பூ இல்லை, பொட்டு இல்லை, நல்ல காரியங்களில் இடம் இல்லை. பல குடும்பங்களில் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள்.

விதவைகள் மறுமணம் செய்து கொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. வீட்டில் பழைய வழக்கமே இருந்தது.

இது கொடுமை என்று சுப்பிரமணிய ஐயர் எழுதி வந்தார். குழந்தை மணம் கூடாது, விதவைகளுக்கு வாழ்வு வேண்டும் என்று சொல்லி வந்தார்.

அவருடைய மகள் சிவப்பிரியா. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. அவளும் விதவை ஆனாள்.

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது பழமொழி. ஊரார் எல்லோரும் சுப்பிரமணிய ஐயர் வீட்டைப் பார்த்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறாரே, சொந்த மகள் விஷயத்தில் என்ன செய்யப் போகிறார்?

அவர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. 1889-ல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, அந்த நகரத்திலேயே அவளுக்கு மறுமணம் செய்து வைத்தார்!

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. உறவினர்கள் ஒதுங்கினார்கள். சாதிக்காரர்கள் அவரைத் தள்ளி வைத்தார்கள். சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. பத்திரிகை வாசகர்களிலும் பலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பழைய வழக்கங்களை விடாதவர்கள்.

சுப்பிரமணிய ஐயர் தாம் எழுதுவதை நிறுத்தவில்லை.

நாளடைவில் நண்பர்கள் இருவருக்கும் கருத்து வேற்றுமை வளர்ந்தது. பண நெருக்கடியும் சேர்ந்து கொண்டது. 1898-ல் சுப்பிரமணிய ஐயர் 'இந்து'வை விட்டு விலகினார். 20 ஆண்டு வளர்த்த பிள்ளையைப் பிரிந்தது போல அது.

தமிழில் ஒரு தினசரி

ஆனால் அவர் கையில் இன்னொரு பத்திரிகை இருந்தது. அது தமிழ்ப் பத்திரிகை.

இங்கிலீஷ் பத்திரிகையை எத்தனை பேர் படிக்க முடியும்? வக்கீல்கள் படிப்பார்கள். அதிகாரிகள் படிப்பார்கள். உழவருக்கும் கடைக்காரருக்கும் நாட்டு நடப்பு எப்படித் தெரியும்? இந்த எண்ணத்தில் 1882-லேயே அவர் 'சுதேசமித்திரன்' என்ற வார இதழைத் தொடங்கியிருந்தார்.

'இந்து'வை விட்ட பிறகு முழு மூச்சாக அதில் இறங்கினார். 1899-ல் 'சுதேசமித்திரன்' தினசரி ஆனது. தமிழர் தமிழில் நடத்திய முதல் தினசரி என்ற பெருமை அதற்கு உண்டு.

அது எளிய வேலை அல்ல. தந்திச் செய்திகள் இங்கிலீஷில் வரும். உடனுக்குடன் தமிழாக்க வேண்டும். பல அரசியல் விஷயங்களுக்குத் தமிழ்ச் சொல்லே பழக்கத்தில் இல்லை. யோசித்துச் சொல் தேடி, அச்சுக் கோத்து, அன்றன்றைக்குப் பத்திரிகையை வெளியிட வேண்டும்.

1904-ல் இந்த வேலைக்கு ஓர் இளைஞரை அவர் சேர்த்துக் கொண்டார். மதுரையில் தற்காலிகமாகத் தமிழாசிரியர் வேலை பார்த்துக் கொண்டிருந்தவர் அந்த இளைஞர். 'சுதேசமித்திரன்' பிறந்த அதே 1882-ல் பிறந்தவர். பெயர் சுப்பிரமணிய பாரதி!

நாள்தோறும் இங்கிலீஷ் செய்திகளைத் தமிழில் எழுதி எழுதிப் பாரதியார் பத்திரிகைத் தொழிலைக் கற்றார். மகாகவி பத்திரிகைக்காரர் ஆனது சுப்பிரமணிய ஐயரிடத்தில்தான்.

குற்றாலத்தில் கைது

சுதேசி இயக்கம் நாட்டில் தீயாகப் பரவியது. சுப்பிரமணிய ஐயரின் எழுத்தும் சூடேறியது. ஊர் ஊராகச் சென்று தமிழில் பேசினார்.

அரசாங்கம் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. 1908 ஜூலை மாதம் வ.உ.சிதம்பரனாருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே சுப்பிரமணிய ஐயரும் கைதானார். அரசாங்கத்துக்கு எதிராக எழுதினார் என்பது குற்றச்சாட்டு.

அப்போது அவர் உடல் நலம் கெட்டுக் குற்றாலத்தில் தங்கியிருந்தார். தீராத தோல் நோய் அவரை வாட்டிக் கொண்டிருந்தது. வயதும் 53 ஆகிவிட்டது.

சிறையைத் தாங்கும் நிலையில் அவர் உடம்பு இல்லை. அரசாங்கம் கேட்ட உறுதிமொழியைக் கொடுத்து வெளியே வந்தார். ஊர் எதிர்த்தபோது வளையாதவரை, நோய் வளைத்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய வேகம் திரும்பவில்லை.

1915-ல் 'சுதேசமித்திரன்' பொறுப்பை ஏ.ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்படைத்தார். 1916 ஏப்ரல் 18-ந் தேதி சுப்பிரமணிய ஐயர் காலமானார். வயது 61.

விதைத்தவர்

ஒன்றே முக்கால் ரூபாயில் தொடங்கிய 'இந்து'வை 1905-ல் கஸ்தூரிரங்க ஐயங்கார் வாங்கினார். விலை 75 ஆயிரம் ரூபாய்! நூறு ஆண்டுகளைக் கடந்தும் அது வெளிவருகிறது.

'சுதேசமித்திரன்' அவர் காலத்துக்குப் பின்னும் பல்லாண்டு நடந்து, பிறகு நின்றுவிட்டது. ஆனால் அது போட்ட பாதை நிற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் நாட்டு நடப்பை அறிய வேண்டும், அதைத் தமிழிலேயே அறிய வேண்டும் என்று அவர் நினைத்தார். காலையில் டீக்கடை பெஞ்சில் விரியும் தமிழ்ப் பத்திரிகை அந்த நினைப்பின் பலன்.

பத்திரிகையில் நல்லதை எழுதியவர்கள் பலர் உண்டு. எழுதியதைத் தன் வீட்டு வாசலுக்குள் செய்து காட்டியவர் சுப்பிரமணிய ஐயர். அந்தத் துணிவினால்தான் ஒரு சிறுமிக்கு வாழ்வு கிடைத்தது.