காளையார்கோயில் கோபுரமும் சின்ன மருது பாண்டியரும்

பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற திருத்தலங்கள் பதினான்கனுள் ஒன்று திருக்கானப்பேர். திருஞானசம்பந்தப் பெருமானும் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் பாடிப் பரவிய தலம் அது. சுந்தரருக்கு இறைவன் காளைப் பருவத்தினராய்க் காட்சி நல்கியமையால் காளையார்கோயில் என்னும் பெயர் வழங்கலாயிற்று. சொர்ணகாளீசர், சோமேசர், சுந்தரேசர் என மூன்று திருநாமங்களோடு பெருமான் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலின் வாயிலில், ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள இராஜகோபுரம் ஒன்று விண்ணளாவி நிற்கின்றது. அதனை எழுப்பியவர்கள் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்கள். கோபுரத்திற்கு எதிரே அவர்களுடைய சமாதியும் உள்ளது. குடமுழுக்கு நடைபெறும் இந்நன்னாளில், அவ்விருவருள் இளையவராகிய சின்ன மருது பாண்டியரின் வரலாற்றை நினைத்தல் தகும்.

நரிக்குடியை அடுத்த முக்குளத்தில் 1753-இல் பிறந்தவர் சின்ன மருது. தந்தையார் சேதுபதி மன்னரின் படையில் பணிபுரிந்த சேர்வைக்காரர். அண்ணனும் தம்பியும் இளமையிலேயே சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதப் பெரிய உடையாத்தேவரிடம் ஊழியம் ஏற்றனர். 1772-இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினிப் படையும் ஒன்றுகூடிக் காளையார்கோயிலைத் தாக்கின. மன்னர் அப்போரில் மாண்டார். அரசியார் வேலு நாச்சியாரும் பச்சிளம் மகளும் விருப்பாட்சிக்குச் சென்று, ஐதர் அலியின் ஆதரவில் எட்டாண்டுகள் வாழ்ந்தனர். அக்காலமெல்லாம் உடனிருந்து, 1780-இல் சீமையை மீட்டு அரசியாரை அரியணையில் அமர்த்தியவர்கள் மருது சகோதரர்களே.

அதன்பின் நாட்டின் பொறுப்பு அவ்விருவர் கைக்கு வந்தது. பெரியவர் படைக்கும் வேட்டைக்கும் பேர்போனவர். இளையவர் ஆட்சியைக் கவனித்தார். சிறுவயலில் சின்ன மருது குடியிருந்த மாளிகைக்கு காவல் இன்றி எவரும் வந்து போகலாம் என்று, அவரோடு பழகிய வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி எழுதி வைத்திருக்கின்றார். குன்றக்குடி முருகன் கோயில் திருப்பணியும் இச்சகோதரர் செய்ததே. காளையார்கோயில் கோபுரத்திற்கான செங்கற்கள் மானாமதுரையிலிருந்து வழிநெடுக மக்கள் வரிசையாய் நின்று கைக்குக்கை மாற்றிக் கொண்டுவரப்பட்டன என்பர். அக்கைகள் எல்லாம் ஒரே குலத்தார் கைகளாய் இருந்திருக்க முடியாது.

1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின், அவர் அடைக்கலம் நாடி வந்த இடம் சிறுவயல். அடைந்தாரைக் கைவிடுதல் சின்ன மருதுவின் இயல்பன்று, போர் மூண்டது.

அவ்வாண்டு ஜூன் 16-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும், திருவரங்கத்துப் பெருமாள் கோயில் மதிலிலும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. நான்கு வருணத்தாரையும் முசல்மான்களையும் ஒருங்கே விளித்தது அவ்வறிக்கை. நாட்டார் தம்முள் ஒருவரையொருவர் பகைத்ததனாலேயே நாடு அந்நியர் வயமாயிற்று என்று இடித்துரைத்தது. கும்பினியின் சம்பளம் வாங்கும் சிப்பாய்களையும் சுபேதார்களையும் தம் பக்கம் அழைத்தது. அறக்கொடைக் கல்வெட்டுகளின் ஓம்படைக் கிளவியைப் போலவே, அதனைக் கிழிப்போரைப் பெரும்பாவம் சூழும் என எச்சரித்தது. ஒப்பமிட்ட மருது தம்மை அரசர்களின் ஊழியன் என்றே குறித்துக்கொண்டார்.

ஆயினும் நாடு ஒருமுகப்படவில்லை. இராமநாதபுரத்துக் கிளர்ச்சியாளர்களும், திண்டுக்கல் பக்கத்தாரும் மருதுவோடு நின்றனர். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பினிக்குப் படை உதவினர். பழைய நட்பை மீறாமை அவர்கள் கண்ட கடமை. சிப்பாய்களோ உண்ட சோற்றை எண்ணினர். அவர்களை எல்லாம் துரோகிகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவரவர் நெஞ்சில் ஒரு நியாயம் இருந்தமையே அப்போரின் பெருந்துயரம்.

சிவகங்கைக்குள்ளேயே இப்பிளவு நுழைந்தது. கர்னல் அக்னியூ சிறுவயலை நெருங்கியபோது, மருதுவின் மக்கள் தம் வீடுகளைத் தாமே எரித்துவிட்டுக் காடேகினர். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காடு வெட்டி வழி சமைக்கக் கும்பினியார் ஒரு மாதம் முயன்றும் இயலவில்லை. வெடிமருந்தால் முடியாததை வேறொன்றால் முடித்தனர். அரச மரபினராகிய கௌரி வல்லபரை, 1801 செப்டம்பரில், சோழபுரத்தில் ஜமீன்தாராக முடிசூட்டினர். ஊழியர் குடியினர் ஆள்வதா, மன்னர் குடியினர் ஆள்வதா என்னும் வினா வீடுதோறும் எழுந்தது. அரச மரபுக்கு விசுவாசமாய் இருப்பதாக எண்ணியே பலர் மருதுவை விட்டு நீங்கினர். அம்மரபின் வாழ்வுக்காகத் தம் இளமையைத் தந்தவர் மருது என்பதை அந்நேரத்தில் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அக்டோபர் 1-இல் காளையார்கோயில் வீழ்ந்தது. சகோதரர் இருவரும் பிடிபட்டது காட்டில் என்று போர்க் குறிப்புகள் கூறும். மக்கள் வழங்கும் வரலாறு வேறு. அவர்கள் வெளிவராவிடில் கோபுரம் பீரங்கியால் தகர்க்கப்படும் என்று கும்பினியார் அச்சுறுத்தினர் என்றும், கோபுரம் நிலைக்கட்டும் என்று இருவரும் தம்மை ஒப்புக்கொடுத்தனர் என்றும் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லி வருகின்றனர். 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூர்க் கோட்டையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்கள் விரும்பியவாறே தலைகள் காளையார்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டன என்பது மரபு.

மறு ஆண்டு பிப்ரவரியில், சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையாத்தேவரும், சின்ன மருதுவின் இளம் மைந்தர் துரைசாமியும், எழுபதுக்கு மேற்பட்டோரும் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர் வெல்ஷ்; அப்போரில் மருதுவை எதிர்த்தே போரிட்டவரும் அவர். 1818-இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டு அவர் மனம் கலங்கினார். பின்னர் வெளியிட்ட நூலில் தம் பழைய நண்பரைப் புகழ்ந்தே எழுதினார். பகைவர் அணியில் நின்ற ஒருவர் நெஞ்சிலும் மருது இடம்பெற்றிருந்தார்.

மருதுவை ஆதரித்தோர் வழியினரும் எதிர்த்தோர் வழியினரும் அக்கோபுரத்தின் நிழலில்தான் நின்று கும்பிடுகின்றனர். செங்கல்லைக் கைமாற்றியபோது ஒன்றாயிருந்த கைகள் போர் வந்தபோது பிரிந்தன. நம் திருக்கோயில் திருப்பணிக்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் நல்கிய அன்பர்கள் பல குலத்தார், பல தெருவினர். கலசத்தில் நன்னீர் சொரியும் வேளையில் ஒன்றுபட்ட உள்ளங்கள், நாளை வேற்றுமை தோன்றும் வேளையிலும் ஒன்றுபட்டிருக்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.